லீவாப்பு

வெள்ளைக்கொம்பு எஸ்டேட்டின் மூன்றாவது டிவிஷனில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் உள்காம்பராவில், அதாவது உள்ளறையில், கம்பளி போர்த்திய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பந்தலூர் மழையில் கம்ப்யூட்டருக்கும் குளிருமா என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்கள். வெளியிலிருந்து வந்த கேலி அதைவிட மோசம். கஞ்சிக்கு வழியில்லாத லைனில் கம்ப்யூட்டர் ஒரு கேடா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டில் ஒன்று வைத்திருந்தவர்கள்.

அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக்காரி சுகந்தி. பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு எஸ்டேட்டில் அதுதான் பெயர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அவளுடைய தம்பி கமலேஷ் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தான். கடையில் கழித்துப்போட்ட பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு பெட்டியாக்கி அக்காளுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதில் தமிழ் டைப்பிங் பழகி, லைன் ஜனங்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் மனுவும் அடித்துக் கொடுத்தாள். மனுக்கள்தான் அதிகம். தேயிலை விலை விழத் தொடங்கிய பிறகு கல்யாணங்கள் குறைந்துவிட்டன.

அவளுடைய அம்மா கருப்பம்மாள் சிறுமியாக இருக்கும்போது தலைமன்னாரில் கப்பல் ஏறி இங்கே வந்தவள். இரண்டு அரசுகள் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து மனிதர்களைப் பங்கு போட்டபோது அக்காள் கருப்பம்மாள் இந்தியாவின் பங்கில் விழுந்தாள். தங்கை மாரியாயி இலங்கையின் பங்கில் விழுந்து ஹட்டனிலேயே நின்றுவிட்டாள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். அக்காள் பேசிய கேசட் கடலைத் தாண்டிப் போகும்; தங்கை அதைக் கேட்டு முடித்து, அதன் மேலேயே தன் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவாள். வெறும் பேச்சு மட்டுமல்ல. கோழி கூவுவது, தண்ணிக் குழாயடிச் சண்டை, அடுப்பில் ரொட்டி வேகும் சத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை மாரியாயி, உங்கள் எஸ்டேட்டின் பெரட்டுச் சத்தம் எப்படி இருக்கும், இங்கே மாதிரியேதானா என்று கேட்டிருந்தாள். காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டம்தான் பெரட்டு. சரி, தங்கச்சி கேட்கட்டும் என்று, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஜூன் மாதக் காலையில் கருப்பம்மாள் டேப் ரிக்கார்டரை மழைக்குப் போர்த்தும் படங்குக்குள் மறைத்துப் பெரட்டுக் கொட்டகைக்கு எடுத்துப் போனாள்.

அன்றைக்கு வேலை பிரிக்கவில்லை. எஸ்டேட் மேனேஜரான பெரிய தொரை வந்திருந்தார். தேயிலைக்கு விலை இல்லை, ஃபாக்டரியை மூடுகிறோம், இன்றிலிருந்து லே-ஆஃப் என்று அறிவித்தார். தகரக் கூரையில் மழை இடித்துக்கொண்டிருந்தது. ஜனங்களின் காதில் விழுந்தது லீவாப்பு. அவர்களுக்குத் தெரிந்த சொல் லீவு. காய்ச்சல் லீவு, பிள்ளைப்பேறு லீவு, திருவிழா லீவு. இது ஏதோ ஒரு புதுவகை லீவு என்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் எல்லா லைனுக்கும் பரவிவிட்டது. லீவாப்பு முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள்.

கூப்பிடவில்லை. சட்டப்படி லே-ஆஃப் என்றால், வேலை கொடுக்க முடியாதது முதலாளியின் பாடு. பாதிச் சம்பளம் உண்டு, தொழிலாளியின் பேர் பதிவில் நிற்கும். லீவு என்றால் தொழிலாளி தானாக வீட்டில் இருந்துகொண்டது. அனுமதி வாங்காத லீவு நீண்டுகொண்டே போனால் பேரை வெட்டலாம். பேர் வெட்டப்பட்டவன் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு டிவிஷனின் அத்தனை கூரைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அது தெரிந்தவர்கள் கம்பெனியில் மட்டுமே இருந்தார்கள்.

யூனியன் செயலாளர் மரியஅந்தோணி பாதிச் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார். கூடலூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. முதல் சாட்சியாகக் கருப்பம்மாளைக் கூப்பிட்டார்கள். டிவிஷனில் மூத்தவள், பயப்படாமல் பேசுவாள் என்று மரியஅந்தோணிதான் அவளை முன்னால் நிறுத்தினார். அதிகாரி கேட்டார்.

"ஏம்மா, ஜூன் மாசத்துலேருந்து ஏன் வேலைக்குப் போகல?"

"லீவுங்கய்யா."

"யாராச்சும் வரவேணாம்னு தடுத்தாங்களா?"

"இல்லைங்கய்யா. லீவு, அதான் வீட்ல இருக்கோம்."

கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையே செய்யவில்லை. அந்த அம்மா சொன்னதை அப்படியே பதிந்துகொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அடுத்தடுத்து வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். லீவுங்கய்யா, லீவுங்கய்யா. மரியஅந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டார். இது தொழிலாளர்கள் பேசும் சொல், அர்த்தம் வேறு என்று அவர் எழுந்து சொன்னபோது, அர்த்தத்தை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லட்டும் என்றார் வக்கீல். தொரை எங்கே, அவரைக் கேளுங்கள் என்றால், அவரைக் கம்பெனி அஸ்ஸாமுக்கு மாற்றிவிட்டதாம்.

திரும்பி வந்த ஜீப்பிலேயே ஆரம்பித்துவிட்டது. கருப்பம்மாள் வாயாலேதான் எல்லாம் போச்சு என்றார்கள். தண்ணிக் குழாயில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். திட்டுவதைவிட அது கொடுமையாக இருந்தது. அவள் பேச்சைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். வேறு வீடுகளில் முனியாண்டிக்குக் கிடாய் வெட்டலாமா, மாரியம்மனிடம் பூக்கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார்கள். தேயிலை விலையை எந்தச் சாமியும் இறக்கவில்லை. ஏலத்தில் உட்கார்ந்த மனிதர்கள் இறக்கினார்கள். விலை ஏறியிருந்த காலத்தில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு, இறங்கியதும் ஆட்களைத் தெருவில் விடுவதும் மனிதர்கள்தான். அவர்களைக் கேள்வி கேட்பதற்குப் பதிலாகக் கிடாயைக் கேட்டு என்ன பயன்? சுகந்தி இதைக் குழாயடியில் சொல்லப் போய் அவளுக்கும் ஆகாதவள் என்ற பெயர் வந்தது.

அப்பா ஒச்சப்பன் கிடாயும் வெட்டவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினார். தேனிப் பக்கம் தூரத்துச் சொந்தம் இருக்கிறது, போய்விடலாம் என்றார். நாமதானே லீவுன்னு சொன்னோம், அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு இங்க இருக்கிறது என்பது அவருடைய வாதம். அந்த வாதம்தான் சுகந்தியை அதிகம் பயமுறுத்தியது. கம்பெனி யாரையும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. தப்பு தங்களுடையது என்று நம்பிவிட்டால் ஜனங்கள் தாங்களாகவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்போதே ஓரிரண்டு வீடுகளில் பூட்டுத் தொங்கியது.

அந்த மூட்டைகளில் ஒன்றைக் கட்டும்போதுதான் கேசட் அவள் கையில் வந்தது. நல்ல சேதி ஏதாவது சேர்த்துப் பேசி அனுப்பலாம் என்று அம்மா அனுப்பாமலே வைத்திருந்தாள். சுகந்தி டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டாள். மழை. தகரத்தில் மழை, அதன் அடியில் யாரோ போர்வைக்குள்ளிருந்து முனகுவது போல ஒரு குரல். தொரை பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்பதுதான் கேட்கவில்லை.

கம்ப்யூட்டருக்குள் அந்த ஒலியை ஏற்றி மழையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு ஒயரால் டேப் ரிக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் இணைத்தாள். மழை போதாதென்று இப்போது ஒரு உறுமலும் சேர்ந்தது. கமலேஷ் கழிவிலிருந்து பொறுக்கிய பெட்டி அல்லவா. போர்டோடு ஒட்டி வந்த மட்டமான சவுண்ட், உள்ளே ஓடும் மின்சாரத்தின் சத்தத்தையெல்லாம் வாங்கிக் கலந்தது. மவுஸை நகர்த்தினால் அதற்கும் ஒரு கீச்சு. தொரையின் குரல் இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

பஜாரில் பங்கஜத்தின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பியைக் கூப்பிட்டாள். தனி சவுண்ட் கார்டு போட்டால்தான் ஆகும் என்றான் அவன். கடையில் பழசென்று ஒதுக்கிய நல்ல கார்டு ஒன்று கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, பேக்கரி அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினான். கண்டக்டர் பெட்டியை நீட்டும்போது, கேக்கு உள்ள ஆடுதே, ஒடஞ்சிருக்கப் போவுது, பாத்துக்கம்மா என்றார்.

கார்டு வந்த வாரம் லைனுக்குக் கரண்ட் நின்றது. ஃபாக்டரியை மூடியாகிவிட்டது, மெயின் அங்கேதான் இருக்கிறது, ஆகவே நிறுத்தினோம் என்றது நிர்வாகம். சட்டத்தைக் கேட்டால் பதில் சொல்ல மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் கம்பெனி, கரண்டை நிறுத்த ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அடுத்த விசாரணை நெருங்கிவிட்டது. சுகந்தி இருட்டுக் காம்பராவில் செத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தோற்பது பழகியவள்தான். ஆனால் தோற்கும் இடத்துக்குப் போய்ச் சேரக்கூட விடமாட்டார்கள் என்பது அவளுக்குப் புதிது.

நாள்கணக்கில் பேசாமல் கிடந்த கருப்பம்மாள் எழுந்தாள். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கொழுந்துக் கூடையை எடுத்துத் தட்டினாள். பெட்டியைப் படங்கில் சுற்றிக் கூடைக்குள் இறக்கினாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கொழுந்துதான் இல்ல, இதையாச்சும் தூக்குறேன் என்றாள். மானிட்டரை மரியஅந்தோணி தலையில் வைத்துக்கொண்டார். கீபோர்டும் டேப் ரிக்கார்டரும் சுகந்தி கையில். மழைத் தூறலில் இந்த ஊர்வலம் பஜாரை நோக்கி இறங்கியது.

பங்கஜம் பொள்ளாச்சிக்காரி. கணவன் போன பிறகு பூத்தை நடத்திக்கொண்டிருந்தாள். ஆள் ஒருத்தி நிற்கிற அளவுக் கடையில் இத்தனையும் வந்து இறங்கியதைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏனம்மிணி, இத்தனையும் உள்ள வெச்சா நான் எங்க போய் உக்கார்றது? போன் மேலயா?"

சொல்லிக்கொண்டே ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டாள். அன்று மதியம் வரை வாடிக்கைக்காரர்கள் மழையில் நின்று காத்திருந்தார்கள்.

சுகந்தி கமலேஷைக் கூப்பிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். பின்பக்கத் தகட்டை ஆட்டி ஆட்டி ஒடித்து எடுத்தாள். கார்டை உள்ளே இருந்த வெள்ளைச் செருகு வரிசையில் வைத்து அழுத்தினாள். ஏறவில்லை. இன்னும் அழுத்து என்றான் கமலேஷ். உடைந்துவிட்டால் வேறு கிடையாது என்பது அவள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. மூச்சைப் பிடித்து அழுத்தியபோது டக்கென்று உட்கார்ந்தது. ஆன் செய்தால் சத்தமே இல்லை. பெட்டி இன்னும் பழைய சவுண்டையே நம்பிக்கொண்டிருந்தது. பெட்டி விழிக்கும்போதே டிலீட் பட்டனை அமுக்கி, நீல நிறப் பக்கத்துக்குள் போய்ப் பழையதை அணைக்கச் சொன்னான். அணைத்தாள். பிறகு பெட்டி, கார்டை இயக்கும் நிரல் உள்ள பிளாப்பியைக் கேட்டது. பேக்கரிப் பெட்டியின் அடியில் அதுவும் இருந்தது.

"இப்ப ஒயர ரோஸ் கலரு ஓட்டையில சொருகாத. அது மைக்கு, சத்தத்தக் கெடுத்துரும். நீலக் கலரு ஒண்ணு இருக்கு பாரு, லைன் இன்னு எழுதியிருக்கும்."

"லைன் இன்னா? இங்க எல்லாரையும் லைன் அவுட்டுல்ல பண்றானுங்க."

"லைன் அவுட்டு அது பக்கத்துல, பச்சைக் கலரு அக்கா. அதத் தொடாத."

முதலில் கேட்டது அமைதி. உறுமல் இல்லை, மவுஸின் கீச்சு இல்லை. அவள் பயந்துபோய், ஒன்றும் வேலை செய்யவில்லை என்று நினைத்தாள். பிறகு அந்த அமைதிக்குள் மழை பெய்தது. கார்டின் வேலை அவ்வளவுதான். நல்ல சவுண்ட் கார்டு கேசட்டில் இல்லாத எதையும் கொண்டுவந்துவிடாது. தன் பங்குக்குப் பொய்யைக் கலக்காமல் இருந்ததை இருந்தபடி உள்ளே விடும். மனிதர்களிடம் அந்த அளவு நாணயம் கிடைத்திருந்தாலே வெள்ளைக்கொம்பில் இந்தக் கதை நடந்திருக்காது.

ஒலியை அலைகளாகக் காட்டும் ஒரு நிரலைக் கமலேஷ் முன்பே அதில் போட்டு வைத்திருந்தான். யாரும் பேசாத இடத்தில் வெறும் மழையைத் தேர்ந்து, இதுதான் மழை, முழுக்க இதைக் கழித்துவிடு என்று கட்டளை கொடுக்கவேண்டும். பழைய சவுண்டில் உறுமலும் மழையும் பின்னிக்கிடந்ததால் எதைக் கழிப்பது என்று அதற்கே தெரியாமல் போயிருக்கும். இப்போது மழை தனியாக இருந்தது. பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது. பங்கஜம் வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களை அதட்டி அடக்கினாள்.

தொரையின் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தாலும் சொற்கள் சொற்களாகவே வந்தன. இன்றிலிருந்து லே-ஆஃப். பாதிச் சம்பளம் ஆபீஸில் கொடுப்பார்கள். யார் பேரும் வெட்டமாட்டோம். அதன் பிறகு சலசலப்பு. அதற்குப் பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, காதுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்குரல்.

"தொரை, லீவாப்புன்னா என்னாங்க? லீவுங்களா?"

யாரோ சிரிக்கிறார்கள். தொரையின் குரல் பக்கத்தில் வருகிறது.

"ஆமா ஆயா, லீவுதான். லீவுன்னே வச்சுக்க. கூப்புடுறப்ப வா, போதும்."

கருப்பம்மாள் கூடைக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நாந்தானா அது?"

"நீதாம்மா."

"கேட்டிருக்கேனே. வெளங்கலன்னு கேட்டிருக்கேனே, பாத்தியா."

மறுபடியும் போடச் சொன்னாள். அந்தக் கேள்வியைக் கேட்டதை அவளே மறந்திருந்தாள். பக்கத்தில் நின்றிருந்தவர்களும் மறந்திருந்தார்கள். காதுக்குத் தெரிந்த சொல்லைத்தான் காது கேட்கும், அது இயற்கை. விளங்காமல் கேட்டவளுக்குத் தப்பான சொல்லைக் கையில் கொடுத்து அனுப்பியது இயற்கை அல்ல. அந்த மனிதர் வேண்டுமென்றே செய்தாரா, ஒரு கொழுந்துக்காரிக்கு விளக்கம் சொல்வது தன் மதிப்புக்குக் குறைவு என்று செய்தாரா என்பது தெரியாது. எதுவானாலும் அதன் பயனைக் கம்பெனி எடுத்துக்கொண்டது; பழியைக் கருப்பம்மாள் சுமந்தாள்.

கூடலூர் விசாரணையில் கம்ப்யூட்டரை இறக்கி வைத்து ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். அறை அமைதியாகக் கேட்டது. முடிந்ததும் வக்கீல் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு தெளிவாக ஒரு லைன் வீட்டு டேப் ரிக்கார்டரில் பதியுமா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் முழுச் சினிமாவே செய்கிறார்கள், இந்தப் பொண்ணு ஒரு தொரையைச் செய்யமாட்டாளா என்றார். சிரிப்பு எழுந்தது. அதிகாரி மூலக் கேசட்டைக் கேட்டார். டேப் ரிக்கார்டரில் போட்டார்கள். மழை. அந்த மழைக்குள் ஒவ்வொரு சொல்லும் இப்போது சுகந்திக்குத் துல்லியமாகக் கேட்டது; மரியஅந்தோணிக்கும் கேட்டது. வக்கீலுக்கு மழை மட்டுமே கேட்டது. தெரிந்துகொண்ட பிறகு கேட்பது சாட்சி ஆகாது என்றார் அவர். அந்த ஒரு பேச்சில் அவர் சொன்னது அறிவுக்கு ஒத்ததுதான். அதுதான் சுகந்தியைக் கொன்றது. தெளிவில்லாவிட்டால் ஆதாரம் இல்லை, தெளிவாக இருந்தால் ஜோடனை. ஏழையின் பேச்சுக்கு இந்த இரண்டு வாசல்தான் இருக்கிறது, இரண்டுமே சாத்தியிருக்கின்றன.

அதிகாரி கேசட்டை வாங்கி உறையிலிட்டு, மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். மேலே என்பது எவ்வளவு உயரம் என்று அவரும் சொல்லவில்லை. பேர் வெட்டப்பட்டதாகச் சொல்லி, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு லைன் கதவுகளில் ஒட்டப்பட்டது.

சுகந்தி அழுதாள். பூத்துக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு, கமலேஷிடம் போனில் அழுதாள். இனிக் கேட்க யாரும் இல்லை என்றாள். கேக்கவேண்டியவங்க இன்னும் கேக்கலியே அம்மிணி என்றாள் பங்கஜம் வாசலிலிருந்து, ஏதோ கடைக்கணக்கைச் சொல்வது போல.

கேட்கவேண்டியவர்கள் லைன் ஜனங்கள்தான் என்பது சுகந்திக்கு உறைக்கச் சிறிது நேரமானது. பிறகு கார்டின் பச்சை ஓட்டையில் ஒயரைச் சொருகி, சுத்தமான ஒலியைத் திரும்பவும் கேசட்டுகளில் ஏற்றினாள். லைன் வீடுகளில் கிடந்த பழைய பாட்டுக் கேசட்டுகளை ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரில், லைன் லைனாக, அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார்கள். லீவுதான், லீவுன்னே வச்சுக்க. ஒச்சப்பன் முழுவதும் கேட்டார். மூட்டையிலிருந்து அண்டாவை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். தண்ணிக் குழாயில் மறுநாள் யாரோ கருப்பம்மாளின் குடத்தைத் தூக்கி முதலில் வைத்தார்கள்.

கூரைத் தகரத்தைக் கழற்ற ஆட்களோடு ஃபீல்ட் ஆபீசர் வந்தபோது, மூன்றாவது டிவிஷன் முழுவதும் வாசலில் நின்றது. பேர் வெட்டியாச்சே, இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். கருப்பம்மாள்தான் பதில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"லீவுல இருக்கோமுங்க. தொரை குடுத்த லீவு. முடிஞ்சா கூப்புடுங்க, வேலைக்கு வர்றோம். லீவுல இருக்கிறவளோட வீட்டுத் தகரத்த எந்த எஸ்டேட்டுல கழட்டுவாங்க?"

ஏணி சாய்த்த இடத்திலேயே நின்றது. சிறிது நேரம் கழித்து ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுபடி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பாதிச் சம்பளம் வரவில்லை, ஃபாக்டரி திறக்கவில்லை, மேலே எழுதியதற்குப் பதிலும் இல்லை. சுகந்தி கேரளா எல்லையில் ஒரு தோட்டத்துக்கு நாள்கூலியாகப் போய்வருகிறாள். கரண்ட் இல்லாத காம்பராவில் கம்ப்யூட்டர் கம்பளிக்குள் கிடக்கிறது. மூன்றாவது டிவிஷனில் அடுப்பு எரிகிறது.